தவறி விழுந்தவர்கள்

நாளேடுகளின் உட்பக்கங்களில் நாம் அடிக்கடி கடந்துபோகும் ஒரு தலைப்பு உண்டு: ‘சாரத்திலிருந்து தவறி விழுந்து தொழிலாளி பலி’. சாரம் இருந்த இடத்தில் சில நாள் ஏணி வரும். சில நாள் கூரை வரும். சில நாள் கிடங்கில் அடுக்கிய மூட்டைகளின் உச்சி வரும். ‘தவறி’ என்ற எச்சம் மட்டும் மாறுவதில்லை. கால் தவறுவதற்கும் தவறு செய்வதற்கும் தமிழில் ஒரே வினைதான். அதனால் எழுதியவர் எண்ணாமலேயே, விழுந்தவர் மீது பிழையைச் சுமத்தும் ஒரு சாயல் அத்தலைப்பில் படிந்துவிடுகிறது. உயரத்தில் வேலை செய்தவர்களின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்த்தால், அந்தச் சொல் எவ்வளவு பொருந்தாதது என்பது விளங்கும். வட அமெரிக்காவின் இரண்டு பாலங்களை முன்வைத்து அவ்வரலாற்றின் ஒரு பகுதியை இங்கே காண்போம்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்கப் பாலங்களைக் கட்டியவர்களிடையே ஒரு கணக்கு வழக்கில் இருந்தது. செலவழியும் ஒவ்வொரு பத்து லட்சம் டாலருக்கும் ஓர் உயிர் போகும் என்பதே அக்கணக்கு. எந்தச் சட்டநூலிலும் அது எழுதப்படவில்லை. எந்தத் தெய்வமும் அதைக் கேட்கவில்லை. கண்டறிந்த சராசரி நாளடைவில் எதிர்பார்ப்பாயிற்று. எதிர்பார்ப்பு பின்னர் இயல்பாயிற்று. எஃகு இத்தனை டன், சிமெண்டு இத்தனை மூட்டை என்று மதிப்பீடு போடுகிற மனம், சாகப்போகிறவர் இத்தனை பேர் என்பதையும் அதே ஒழுங்கில் ஏற்றுக்கொண்டது. அணையோ பாலமோ நிலைத்து நிற்க நரபலி கேட்கும் கதைகள் நம்மிடமும் உண்டு. அவற்றை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடுகிறோம். இந்தக் கணக்கை என்னவென்று அழைப்பது?

முதலில் கியூபெக் பாலத்தைப் பார்ப்போம். கனடாவின் செயிண்ட் லாரன்ஸ் ஆற்றின் மீது, இரு புறங்களிலிருந்தும் எஃகுக் கைகள் நீண்டு நடுவில் கூடும் அமைப்பில் அது திட்டமிடப்பட்டது. நடுவிலுள்ள இரு தூண்களுக்கிடையே 1,600 அடி என்று முதலில் எண்ணியிருந்த இடைவெளி, 1900இல் 1,800 அடியாக நீட்டப்பட்டது. ஸ்காட்லாந்தின் ஃபோர்த் பாலத்தை விஞ்சி, அவ்வகையில் உலகிலேயே நீண்ட இடைவெளி கொண்ட பாலம் என்ற பெருமையும் இதனால் கிட்டுவதாக இருந்தது. இடைவெளி நீண்டால் பாலத்தின் சொந்த எடையும் கூடும். அந்த எடையை உரிய காலத்தில் எவரும் மறுபடியும் கணக்கிடவில்லை. பிழை தெரியவந்தபோது எஃகு உறுப்புகள் பலவும் பட்டறையில் உருவாகி முடிந்திருந்தன. தாங்கிக்கொள்ளும் என்று விட்டுவிட்டார்கள்.

1907 ஆகஸ்டு மாதத்தில், பாலத்தின் அடிப்புறத்தில் அழுத்தத்தைத் தாங்கும் பெரிய உறுப்புகளுள் ஒன்று வளைந்திருப்பதைப் பணியிடத்தில் இருந்தவர்கள் அளந்து கண்டார்கள். முக்கால் அங்குலமாக இருந்த வளைவு சில நாட்களுக்குள் இரண்டு அங்குலத்தைக் கடந்தது. வளைவு புதிதாக ஏற்பட்டதா, பட்டறையிலிருந்து வரும்போதே இருந்ததா என்று வாதம் நடந்தது. வாதம் நடக்கையில் வேலையும் நடந்தது. துணிந்து நிறுத்தச் சொல்லும் நிலையில் அங்கே எவரும் இல்லை. இறுதி அதிகாரம் படைத்த ஆலோசனைப் பொறியாளர் தியோடர் கூப்பர் நியூயார்க்கில் இருந்தார். முதுமையாலும் உடல்நலக் குறைவாலும் அவர் பணியிடத்துக்கு வருவதில்லை. இளம் பொறியாளர் ஒருவர் ரயிலேறிச் சென்று அவரைக் கண்டு நிலைமையைச் சொன்னார். ஆகஸ்டு 29 அன்று, மேற்கொண்டு சுமை ஏற்ற வேண்டாம் என்று கூப்பர் தந்தி கொடுத்தார். தந்தி சென்றது பென்சில்வேனியாவிலிருந்த எஃகு நிறுவனத்துக்கு, பாலத்துக்கு அன்று. விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று அங்கே முடிவாயிற்று. அன்று மாலை ஐந்தரை மணியளவில், வேலை நேரம் முடியும் தறுவாயில், ஏறத்தாழ 19,000 டன் எஃகு சில நொடிகளில் சரிந்து ஆற்றில் விழுந்தது. 75 பேர் மாண்டனர்.

அந்த 75 பேரில் கால் தவறியவர் எவருமில்லை. நின்றிருந்த இடமே அவர்களுடன் சேர்ந்து விழுந்தது. இதே பாலம் மறுபடியும் கட்டப்பட்டபோது 1916இல் நடுப்பகுதியை ஏற்றுகையில் மீண்டும் விபத்து நிகழ்ந்து 13 பேர் உயிரிழந்தனர். 1917இல்தான் பாலம் நிறைவெய்தியது.

மாண்டவர்களுள் 33 பேர் மான்ட்ரியல் அருகிலுள்ள கானவாகே என்ற ஊரைச் சேர்ந்த மோஹாக் பழங்குடியினர். இவர்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1886இல் இவர்களுடைய நிலத்தை ஒட்டி ஆற்றின் மீது ஒரு ரயில் பாலம் கட்டப்பட்டபோது கூலிவேலைக்கு வந்தவர்கள், எஃகுச் சட்டங்களின் மீது ஏறி இயல்பாக நடமாடுவதைக் கட்டுமான நிறுவனத்தார் கண்டனர். பயிற்சி கொடுத்து உயரமான வேலைகளில் அமர்த்தினர். அதிலிருந்து ஒரு புகழ் பரவலாயிற்று: மோஹாக்குகளுக்கு உயரத்தைக் கண்டு அச்சமே கிடையாது, அது அவர்களுடைய இரத்தத்திலேயே இல்லை. பின்னாளில் நியூயார்க்கின் வானளாவிய கட்டடங்களை எழுப்பியவர்களிலும் இவர்கள் கணிசமானவர்கள். தங்களுக்கும் அச்சம் உண்டு என்றும், அதைக் கையாளப் பழகிக்கொண்டோம் என்றும் அவர்களே பலமுறை சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் புகழ்ச்சி நிற்கவில்லை. நிற்காததற்குக் காரணம் இருக்கிறது. அஞ்சாதவன் என்று ஒருவனைக் கொண்டாடிவிட்டால், அவனுக்குக் கைப்பிடிக் கம்பி அமைத்துத் தர வேண்டிய தேவை மறைந்துவிடுகிறது.

அச்சம் அவர்களுடைய வீடுகளில் இருந்தது. கியூபெக் சரிவால் ஒரே நாளில் ஊரில் எத்தனையோ வீடுகள் தலைவனை இழந்தன. ஆண்கள் எல்லோரும் இனி ஒரே பாலத்தில் வேலைக்குப் போகக் கூடாது, பல இடங்களுக்குப் பிரிந்து செல்ல வேண்டும் என்று கானவாகேயின் பெண்கள் வற்புறுத்தினார்கள் என்பது அவ்வூரில் வழங்கிவரும் செய்தி. நிறுவனங்கள் இடரைக் குறைக்காதபோது, அதைப் பங்கிட்டுக்கொள்வது ஒன்றே அப்பெண்களால் முடிந்த பாதுகாப்பு ஏற்பாடாக இருந்தது. இறந்தவர்களின் நினைவாக அவ்வூர்க் கல்லறையில் எஃகு உத்தரங்களாலேயே சிலுவைகள் நடப்பட்டன.

இனி இரண்டாவது பாலத்துக்கு வருவோம். சான் பிரான்சிஸ்கோவில் கடல் உள்ளே நுழையும் குறுகிய நீரிணைக்குக் கோல்டன் கேட் என்று பெயர். அதன்மீது தொங்கு பாலம் கட்ட 1930 நவம்பரில் மக்கள் வாக்களித்து, மூன்றரைக் கோடி டாலர் கடன் பத்திரங்களுக்கு இசைவளித்தனர். 1933 சனவரி 5 அன்று வேலை தொடங்கியது. கோபுரங்களின் உயரம் 746 அடி. சாலைத்தளம் நீர்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 220 அடி உயரத்தில் அமையும். கீழே குளிர்ந்த நீரும் கடும் நீரோட்டமும். மேலே மூடுபனியும் ஓயாத காற்றும். வழக்கிலிருந்த கணக்கின்படி 35 பேர் இறக்க வேண்டும்.

தலைமைப் பொறியாளர் ஜோசப் ஸ்ட்ராஸ் விசித்திரமான மனிதர். கவிதை எழுதுவார், பாலம் முடிந்தபோதும் ஒரு கவிதை எழுதினார். புகழைப் பிறருடன் பங்கிட மனம் வராதவர். பாலத்தின் நுட்பமான கணிதத்தில் பெரும்பகுதியைச் செய்த சார்லஸ் எல்லிஸ் 1931இல் வெளியேற்றப்பட்டார். அவர் பெயர் நெடுங்காலம் இருட்டடிப்புச் செய்யப்பட்டிருந்தது. இக்குறைகளை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த 35 என்ற எண்ணை ஏற்க மறுத்தவரும் இதே ஸ்ட்ராஸ்தான்.

அவர் செய்தவை பெரும்பாலும் எளியவை. வேலையிடத்தில் அனைவரும் கடினத் தொப்பி அணிந்தாக வேண்டும் என்றார். முதல் உலகப் போரிலிருந்து இரும்புத் தொப்பியின் நினைவோடு திரும்பிய சான் பிரான்சிஸ்கோக்காரர் எட்வர்டு புல்லார்டு, கித்தான் துணியை ஆவியில் வேகவைத்துப் பசையிட்டு இறுக்கி 1919இல் ஒரு தொப்பி செய்திருந்தார். அவருடைய நிறுவனமே இப்பாலத்துக்கும் தொப்பிகளைச் செய்தளித்தது. நீரில் பட்டுத் திரும்பும் ஒளி கண்ணைக் கூசச்செய்யாதிருக்கக் கண்ணாடிகள் தரப்பட்டன. காற்று தோலை அறுக்காதிருக்கக் களிம்பு தரப்பட்டது. தலைச்சுற்றலைத் தவிர்க்கும் உணவுமுறையும் வகுக்கப்பட்டது. ஈயம் கலந்த வண்ணம் பூசிய எஃகில் பழுக்கக் காய்ச்சிய ஆணிகளை அறைந்தபோது எழுந்த புகையால் கோபுரத் தொழிலாளர்கள் நோயுற்றனர். காரணம் தெரிந்ததும், ஈய வண்ணத்துக்குப் பதிலாக இரும்பு ஆக்சைடு வண்ணம் கொண்டுவரப்பட்டது. கயிற்றின் நுனியில் ஊசலாடி வீரம் காட்டுவோர் அன்றே வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். மோஹாக்குகளை எதற்காகப் புகழ்ந்தார்களோ, அதே துணிச்சல் இங்கே வேலை இழக்கும் குற்றமாயிற்று என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய ஏற்பாடு வலை. 1936இல் சாலைத்தளத்துக்கான எஃகுச் சட்டங்களைப் பொருத்தத் தொடங்கியபோது, அதன் அடியில் மணிலா நாரினால் முறுக்கிய கயிற்று வலை ஒன்று கரையிலிருந்து கரை நோக்கி விரிக்கப்பட்டது. கண் ஒன்றுக்கு ஆறு அங்குலம். பாலத்தின் அகலத்தைவிடப் பத்தடி கூடுதலாக அது நீண்டிருந்தது. வேலை முன்னேற முன்னேற வலையும் அதற்குச் சற்று முன்னால் சென்றுகொண்டிருந்தது. சர்க்கஸ் கூடாரத்தில் கண்ட பொருள்தான். இத்தனை பெரிய அளவில் பாலத்துக்கு அதைப் பயன்படுத்தியதே புதுமை. ஆன செலவு 1,30,000 டாலருக்குச் சற்று மேல். மொத்தத் தொகையில் நூற்றுக்கு அரைப் பங்குகூட இல்லை.

அந்த வலையில் 19 பேர் விழுந்து பிழைத்தார்கள். ‘நரகத்துக்குப் பாதி வழி சென்றவர் கழகம்’ என்று தங்களுக்குப் பெயரும் சூட்டிக்கொண்டார்கள். இவர்களும் கால் தவறி விழுந்தவர்களே. வலை இல்லாத பாலமாயிருந்தால் மறுநாள் நாளேட்டில் அவர்களுக்கும் அதே தலைப்புத்தான் கிடைத்திருக்கும். மனிதக் கால் தவறும், கை வழுக்கும், பனியில் எஃகு ஈரமாகும். இவை என்றும் உள்ளவை. தவறிய பின் என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே எவரோ தீர்மானித்துவிடுகிறார்கள். அந்தத் தீர்மானம்தான் 19 பேரை நகைச்சுவையோடு கழகம் அமைக்க வைத்தது. வலை வந்த பின் ஆட்கள் அச்சமின்றி விரைந்து நடமாடினார்கள், வேலையும் வேகம் பெற்றது என்பர். பாதுகாப்பு வேலையைத் தாமதப்படுத்தும் என்ற பழைய வாதத்துக்கு அதுவே விடை.

ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் ஒரு சாவும் இல்லாமல் கழிந்தன. 1936 அக்டோபரில் பாரந்தூக்கி ஒன்று சரிந்து ஒருவர் நசுங்கி இறந்தார். எஞ்சிய கதை 1937 பிப்ரவரி 17 அன்று நிகழ்ந்தது. கான்கிரீட் சாலைத்தளம் இறுகிவிட்ட நிலையில், அதன் அடியிலிருந்த சென்ட்ரிங் பலகைகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். தளத்தின் அடியில் தொங்கியபடி நகரும் ஒரு மேடையில் நின்று அவ்வேலையைச் செய்தனர். மேடையின் எடை ஏறத்தாழ ஐந்து டன். அன்று காலை அதன் பிடிமானம் விட்டது. மேடை வலையில் விழுந்தது. வலை சில கணம் தாங்கிப் பின்னர் கிழிந்தது. நெடுந்தொலைவுக்கு அறுந்து மேடையோடும் ஆட்களோடும் கடலில் வீழ்ந்தது. நீரில் விழுந்த 12 பேரில் இருவர் மட்டுமே உயிர் தப்பினர். பத்துப் பேர் மாண்டனர். பாலம் திறக்கப்பட்ட மே 27க்கு மூன்று மாதங்களே மீதமிருந்தன.

வலை தோற்றுவிட்டது என்று இதற்குப் பொருள் கொள்வோர் உண்டு. நாம் அப்படிக் கருதவில்லை. வலை மனிதனின் எடைக்காக முடையப்பட்டது, மனிதனைத் தாங்கியது. ஐந்து டன் மேடையைத் தாங்க வேண்டிய கடமை மேடையின் பிடிமானத்துக்கு உரியது. கீழே வலை இருக்கிறது என்ற நிம்மதி, மேலே இருக்கும் கொக்கியைச் சோதிப்பதற்கு மாற்றாகிவிடக் கூடாது. இன்றைய பாதுகாப்பு நூல்கள் இதனை ஒரு படிவரிசையாகவே வகுத்திருக்கின்றன. உயரத்தில் செய்ய வேண்டிய தேவையையே நீக்க முடியுமா என்பது முதற்கேள்வி. முடியாதெனில் விழ இயலாதவாறு விளிம்பில் தடுப்பு. அதுவும் இயலாதெனில் வலை. கடைசியில்தான் ஆளின் உடலில் மாட்டும் வார். நடைமுறையில் கடைசிப் படியே முதற்படியாகிவிடுவதைப் பார்க்கிறோம். வாரின் விலை குறைவு, அதை மாட்டாவிட்டால் பழியும் தொழிலாளியைச் சேரும். அந்த வாரிலும் ஒரு வரலாறு உண்டு. இடுப்பில் மட்டும் கட்டும் பட்டை, விழும் உடலின் விசை முழுவதையும் வயிற்றில் குவித்து உள்ளுறுப்புகளைச் சிதைக்கக்கூடியது. 1998 தொடக்கத்திலிருந்து அமெரிக்கா அதனை வீழ்ச்சி தாங்கும் கருவியாக ஏற்பதை நிறுத்தியது. தோளையும் தொடையையும் சேர்த்துப் பிடிக்கும் முழுவுடல் வார் அவ்விடத்தைப் பெற்றது.

ஸ்ட்ராஸின் மறுப்புக்குப் பின்புலமாக ஒரு சட்ட மாற்றமும் இருந்தது. அதற்கு முன்னர், இடர் தெரிந்தே வேலைக்கு வந்தான் என்றோ, அவனுடைய கவனக்குறைவும் காரணம் என்றோ வாதாடி முதலாளி தப்பிவிடலாம். கலிபோர்னியாவில் 1913இல் வந்த இழப்பீட்டுச் சட்டம், தொழிலாளி தவறினானா என்ற கேள்வியைப் பெரும்பாலும் அகற்றிவிட்டு, வேலையில் நேர்ந்த காயத்துக்கும் சாவுக்கும் முதலாளி ஈடு தரவேண்டும் என்றது. இந்தியாவில் இதே அடிப்படையில் 1923இல் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. சாவுக்கு விலை ஏற்பட்ட பிறகே பலருக்கு வலையின் விலை மலிவாகத் தெரிந்தது என்பது கசப்பான உண்மை. அமெரிக்கா முழுமைக்குமான பணியிடப் பாதுகாப்புச் சட்டம் 1970இல் வந்தது. இங்கே 1948இன் தொழிற்சாலைச் சட்டம், 1996இன் கட்டுமானத் தொழிலாளர் சட்டம் ஆகியவை வந்தன. இவை உள்ளிட்ட 13 சட்டங்களை ஒன்றாக்கும் தொகுப்புச் சட்டம் 2020இல் நிறைவேறியது. நாளேட்டுத் தலைப்பு நூறாண்டுக்கு முந்தைய வழக்காடு மொழியிலேயே நிற்கிறது.

பாலங்களின் கதை கிடங்குகளுக்கு எவ்வாறு பொருந்தும் என்று கேட்கலாம். கிடங்கில் நிகழும் பெரிய இடர்களுள் இரண்டு இவையே: சுமை ஆளின் மேல் விழுவது, ஆள் உயரத்திலிருந்து விழுவது. இன்று இணைய வணிகம் பெருகி, நகரங்களின் புறவழிச் சாலைகளில் பெருங்கிடங்குகள் எழுந்து நிற்கின்றன. அவற்றில் மூன்று நான்கு ஆள் உயரத்துக்கும் மேலே ரேக்குகளில் சரக்கு ஏறுகிறது. ஃபோர்க்லிஃப்ட் ஒன்று திரும்பும்போது ரேக்கின் அடிக்கம்பத்தில் இடித்துவிட்டால் கம்பம் சற்றே வளையும். அழுத்தம் தாங்கும் கம்பம் வளைந்தால் அதன் வலிமை வெகுவாகக் குறைந்துவிடும். கியூபெக்கில் அந்த இரண்டு அங்குல வளைவு சொன்னதும் இதையே. அந்த வரிசையைக் காலி செய்யச் சொல்லும் அதிகாரம் அங்கே நிற்கும் மேற்பார்வையாளருக்கு இருக்கிறதா, அல்லது தலைமை அலுவலகத்திலிருந்து மறுநாள் பதில் வரவேண்டுமா என்பதே கேள்வி. மேலடுக்கில் உள்ளதை எடுக்க ஃபோர்க்லிஃப்ட் கரங்களில் ஆளை நிறுத்தித் தூக்குவது, கிடங்கின் கல்நார்த் தகட்டுக் கூரையில் பலகையிடாமல் ஏறி ஒழுக்கை அடைப்பது ஆகியவற்றையும் இங்கே சேர்க்கலாம். கல்நார்த் தகடு ஆளின் எடையைத் தாங்காது என்பது ஏறுபவரைவிட ஏறச் சொல்பவருக்கு நன்றாகத் தெரியும். 220 அடி உயரமும் தேவையில்லை. இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து விழும் உடல் தரையைத் தொடும்போது மணிக்கு 22 கிலோமீட்டர் வேகம் பெற்றிருக்கும். தலை சிமெண்டுத் தரையில் மோத அது போதும்.

திருக்குறளில் வலியறிதல் என்ற அதிகாரத்தில், அடுத்தடுத்து நிற்கும் இரண்டு குறள்கள் இவ்விரு இடர்களையும் உவமையாக்குகின்றன. ஒன்று, மெல்லிய மயிற்பீலியே ஆனாலும் அளவு கடந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்கிறது. மற்றொன்று, கொம்பின் நுனிவரை ஏறியவர் அதற்கு மேலும் ஏற முனைந்தால் உயிருக்கு முடிவாகும் என்கிறது. மாணவர்க்குப் பாடம் நடத்துகையில் இவற்றை அடக்கத்துக்கான அறிவுரையாகச் சொல்லிக் கடந்துவிடுகிறோம். அதிகாரம் எங்கே இருக்கிறது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். அது பொருட்பாலில், அரசியலில் இருக்கிறது. வள்ளுவர் அங்கே அறிவுரை சொல்வது வண்டிக்காரனுக்கும் மரமேறிக்கும் அல்லர், முடிவெடுக்கும் அரசனுக்கு. செயலின் வலியையும் தன் வலியையும் மாற்றான் வலியையும் துணையின் வலியையும் சீர்தூக்கிய பின்னரே செயலில் இறங்க வேண்டியவன் அவனே.

அச்சு எத்தனை தாங்கும், கொம்பு எதுவரை தாங்கும் என்பதை அறிந்திருக்க வேண்டியவர் ஏற்றச் சொல்பவர். கியூபெக்கில் அவ்வறிவு ஒரு தந்தியாக வேறு ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. கோல்டன் கேட்டில் அது முதலில் ஒரு வலையாக விரிந்தது. பின்னொரு நாள் மேடையின் பிடிமானத்தில் இல்லாமற்போயிற்று. அப்பாலத்தில் மொத்தம் இறந்தவர்கள் 11 பேர். கணக்கின்படி இறந்திருக்க வேண்டியவர்கள் 35 பேர். எஞ்சிய 24 பேர் யார் யார் என்று எவராலும் சொல்ல முடியாது. வேலை முடிந்து கூலி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். அடுத்த முறை ‘தவறி விழுந்து’ என்ற தலைப்பைக் காணும்போது, கீழே ஏன் வலை இல்லை என்று ஒரு கணம் நின்று கேட்போம். அக்கேள்வியைச் செய்தியாளரும் கேட்கத் தொடங்கினால் தலைப்பும் ஒருநாள் மாறக்கூடும்.